யாம் சமைத்த ஒலிபெருக்கி

கண்ணாடிக்குச் சிறப்பாவது, தன்னை மறைத்துத் தன்முன் நின்றாரைக் காட்டுதலேயாம். முகத்தில் இல்லாத சிவப்பை ஏற்றிக் காட்டுங் கண்ணாடியை எவரும் நல்ல கண்ணாடி என்னார். ஒலிபெருக்கியும் அத்தன்மையதே. பாடினார் பாட்டையும் பேசினார் பேச்சையும் கூட்டாமலுங் குறைக்காமலும் நம் செவிக்குக் கொணர்ந்து தருதலே அதன் கடமை. 'ஹை-பை' என்று வழங்கும் ஆங்கிலச் சொல்லும் மிக்க உண்மையுடைமை என்னும் பொருளையே தருவது. எனினும் கடைத்தெருவில் அச்சொல் பெருமுழக்கம் என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகின்றது. உண்மையொலி தரும் பெட்டியொன்றை எம் கையாலேயே செய்து பார்த்தல் வேண்டும் என்னும் அவா எமக்கும் எம் நண்பர் இருவர்க்கும் நெடுநாளாக இருந்தது. அதனைச் செய்த முறையையும், சோதித்த முறையையும், அச்சோதனையால் யாம் அறிந்ததையும் நம் கல்லூரி இதழ் வாயிலாக அன்பர்கட்கு எடுத்துரைப்பாம்.

ஒலிபெருக்கியின் உயிர்நிலை, காந்தத்தின் இடுக்கில் தொங்கும் ஒரு சிறு கம்பிச்சுருள். பாட்டின் ஏற்றத்தாழ்வுக்கேற்ப மின்னோட்டம் அச்சுருளிற் பாய, அது முன்னும் பின்னும் அசைகின்றது. அதனோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளியும் இழுத்தும் ஒலியெழுப்புகின்றது. ஜெர்மனி தேசத்து வெர்னர் ஸீமென்ஸ் 1874-ஆம் ஆண்டிலேயே இவ்வசையும் சுருளைக் குறித்து உரிமைப் பத்திரம் பெற்றார். ஆயினும் அதனைக்கொண்டு பேச்சொலி எழுப்பினாரல்லர். 1898-இல் இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் என்பார் அவ்வழியே மேலும் ஓரடி சென்றனர். 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்னும் இருவரும் வெளியிட்ட ஆராய்ச்சியே இக்காலத்து ஒலிபெருக்கிகளிற் பெரும்பாலனவற்றுக்குத் தாயாயிற்று.

ஒலிபெருக்கிக்குப் பெட்டி எதற்கு என்று வினவுவாருளர். கூம்பு முன்னே காற்றை நெருக்கும்போது, பின்னே காற்று விரிகின்றது. தாழ்ந்த ஒலிகளின் அலைகள் மிக நீண்டவை; நொடிக்கு 50 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். பெட்டியின்றி நிறுத்திய ஒலிபெருக்கியில் பின்னெழுந்த அலை சுற்றிவந்து முன்னெழுந்த அலையை அழித்துவிடும். ஆகவே பின்னலையைச் சிறைசெய்தல் வேண்டும். சிறைப்பட்ட காற்றோ வில்போலக் கூம்பை எதிர்த்துத் தள்ளும். பெட்டி மிகச் சிறிதாயின் அவ்வில் மிக வலிதாகித் தாழ்ந்த ஒலிகளை நெரித்துவிடும். மிகப் பெரிதாயின் இடமும் பொருளும் வீணாம். 1932-இல் உரிமை பெற்ற தூராஸ் என்பார் பெட்டியில் ஒரு துளையிட்டுப் பின்னலையையும் பயன்கொள்ளும் வழி கண்டார். 1954-இல் எட்கர் வில்ச்சர் என்பார் முற்றும் அடைத்த சிறு பெட்டியில் காற்றின் வில்லையே துணையாக்கிக்கொண்டார். பெட்டியின் அளவை ஊகத்தாலன்றிக் கணக்கால் துணியும் முறையை ஆஸ்திரேலிய நாட்டில் நெவில் தீல் 1961-இல் தொடங்கிவைக்க, ரிச்சர்டு ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் நிறைவுசெய்தார். யாம் கைக்கொண்டது அம்முறையே.

கணக்கிற்கு மூன்று எண்கள் வேண்டும். கூம்பு தானாகவே அதிர விரும்பும் விரைவு ஒன்று. அவ்வதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பது ஒன்று. கூம்பின் தொங்கலுக்கு நிகரான விறைப்புடைய காற்றின் கனவளவு ஒன்று. இவற்றை அறிய, ஒரு தடையினூடே மின்னோட்டத்தைச் செலுத்தி, அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒலிபெருக்கியின் முனைகளில் நிற்கும் மின்னழுத்தத்தைக் குறித்தோம். அழுத்தம் மிகும் இடமே அதன் இயல்பதிர்வு. யாம் வாங்கிய ஆறரை அங்குல ஒலிபெருக்கியோடு வந்த தாளில் 37 ஹெர்ட்ஸ் என்றிருந்தது. எம் அளவையிலோ 40 என்று நின்றது. தாளை நம்பாது கையால் அளந்ததன் பயன் இதுவே. அடங்கும் எண் 0.38, காற்றின் அளவு 30 லிட்டர். மிகாமலும் குறையாமலும் ஒலி இழியும் நிலைக்குரிய எண் 0.707 ஆதலின், அதனை 0.38-ஆல் வகுத்து, வந்ததனை வர்க்கித்து, ஒன்று கழித்து, 30-ஐ அதனால் வகுக்க, பெட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 12.2 லிட்டர் என்று வந்தது. அப்பெட்டி 74 ஹெர்ட்ஸ் வரையில் நன்கு ஒலிக்கும். அதன்கீழ்ப் படிப்படியாகத் தாழும். தேவாலயத்து ஆர்கனின் பதினாறடிக் குழாய் எழுப்பும் 33 ஹெர்ட்ஸ் ஒலி இதற்கு எட்டாது. ஆயின் ஆடவர் பேச்சின் அடியொலி பெரும்பாலும் நூறையொட்டி நிற்பது. எமக்கு வேண்டியதும் மனிதர் குரலே. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

தச்சர் ஒருவரைத் துணைக்கொண்டு 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையால் இரண்டு பெட்டிகள் செய்தோம். உள்ளளவு அகலம் 18, ஆழம் 22, உயரம் 34 சென்டிமீட்டர். ஒலிபெருக்கியும் உட்சட்டங்களும் கொள்ளும் இடம் போக எஞ்சுவது கணக்கின்படியே. மூன்றளவும் ஒன்றாயின் ஒரே ஒலி மூன்று திசையிலும் எதிரொலித்து மிகும், ஆதலின் வேறுபடுத்தினோம். பலகைகளின் நடுவே குறுக்குச் சட்டங்கள் பொருத்தியபோது தச்சர் வியந்து, "ஐயா, பெட்டி அதிர்ந்தாலன்றோ நாதம் வரும்? வீணைக்குடத்தை இப்படிக் கட்டிப்போட்டால் பாடுமா?" என்று வினவினார். நல்ல வினா! வீணை தனக்கென ஒரு குரலுடையது. அக்குரலுக்காகவே அதன் குடம் அதிரவேண்டும். ஒலிபெருக்கிக்கோ தன் குரல் என ஒன்று இருத்தல் ஆகாது. அது வீணையின் குரலையும் சொல்லவேண்டும், தவிலின் குரலையும் சொல்லவேண்டும். பெட்டியும் கூடப் பாடத் தொடங்கின் இரண்டும் கெடும். இதனைக் கேட்ட தச்சர், "அப்படியானால் இது ஊமைப் பெட்டி" என்று கூறி, மூட்டுகளை முன்னினும் இறுக்கிப் பசையிட்டார். அதனினும் தெளிவாக யாம் சொல்லவல்லோம் அல்லோம்.

உள்ளே இலவம்பஞ்சை உதிர்த்துத் தளர நிரப்பினோம். பின் 20 ஹெர்ட்ஸ் அதிர்வைச் செலுத்தி, எரியும் ஊதுவத்தியை மூட்டுதோறும் பிடித்துப் பார்த்தோம். காற்றுக் கசியும் இடத்தில் புகை நடுங்கும். ஓரிடத்தில் நடுங்கியது, அடைத்தோம்.

நிற்க. பெரிய கூம்பு உயர்ந்த ஒலிகளைத் தருதற்கு ஏற்றதன்று. அலைநீளம் கூம்பின் அகலத்தினும் குறுகும்போது ஒலி நாற்புறமும் பரவாது, விளக்கின் கதிர்போல நேரே செல்லும். எம் கூம்பின் அகலம் 13 சென்டிமீட்டர். 2,200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 16 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அவ்விடத்திற் கோடு கிழித்து, அதற்கு மேற்பட்டவற்றை 25 மில்லிமீட்டர் பட்டுக் கவிகையுடைய ட்வீட்டர் என்னும் சிற்றொலிபெருக்கிக்கு விட்டோம். பிரித்துக் கொடுக்கும் மின்சுற்றை லிங்க்விட்ஸ் என்பார் 1976-இல் விளக்கிய முறைப்படி அமைத்தோம். இம்முறையில் எல்லைக்கோட்டில் இரண்டும் சமமாக ஒலித்து, ஒரே காலத்தில் முன்னோக்கி அசைந்து, ஒன்றாகக் கூடி நிறைவு தரும். கூடுகின்றனவா என்று அறியும் வழி நுட்பமானது: ஒன்றன் கம்பிகளை மட்டும் மாற்றிப் பூட்டல் வேண்டும். முன்பு உண்மையில் ஒத்து அசைந்தனவாயின், இப்பொழுது ஒன்றையொன்று அழித்து அவ்விடத்தே ஒலி பெரும்பள்ளமாக வீழும். பள்ளம் எத்துணை ஆழமோ அத்துணை ஒற்றுமை. எமக்கு 26 டெசிபெல் ஆழம் கிடைத்தது.

அளவெடுத்தது மொட்டைமாடியில், நள்ளிரவுக்குப் பின், தெரு உறங்கிய வேளையில். பெட்டியையும் மைக்ரோபோனையும் இரண்டு மீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் இடைவெளியில் நிறுத்தினோம். தரையில் மோதி வரும் எதிரொலி நேரொலியினும் மூன்று மீட்டருக்கு மேல் மிகையாக நடக்கவேண்டுமாதலின், ஏறத்தாழ 9 மில்லிநொடி பிந்தியே வரும். அதற்குள் வந்ததை மட்டும் கணிப்பொறியாற் கொண்டு, பின்வந்ததை விலக்கினோம். மிகத் தாழ்ந்த ஒலிகட்கு இவ்வழி பயன்படாது. அவற்றைக் கீல் என்பார் 1974-இல் காட்டியவாறு மைக்ரோபோனைக் கூம்பின் அருகே வைத்து அளந்தோம். தாழ்ந்த ஒலிகள் பெட்டியைச் சுற்றிப் பின்னும் பரவுவதால் முன்னே நலிகின்றன. எம் பெட்டியின் அகலத்திற்கு அந்நலிவு 500 ஹெர்ட்ஸை அடுத்துத் தோன்றியது. அதனையும் மின்சுற்றில் ஈடுசெய்தபின், 200 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரையில் கோடு இரண்டு டெசிபெல் ஏற்றத்தாழ்வுக்குள் நின்றது.

கோடு நேராதல் கண்ணுக்கு இன்பம், செவிக்கு இன்பமாகுமா? இதனையறிய, அதே பெட்டிக்கு மற்றொரு குரலையும் கணிப்பொறியால் அமைத்தோம். அதில் தாழ்ந்த ஒலியை 5 டெசிபெல்லும் மிக உயர்ந்த ஒலியை 4 டெசிபெல்லும் ஏற்றினோம்; கடைகளிற் கேட்போரைக் கவரும் குரல் அது. நண்பர்களை அழைத்து, பெட்டியைத் திரையால் மறைத்து, இரண்டையும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தோம். பெரும்பாலோர் அலங்காரக் குரலையே முதலிற் புகழ்ந்தனர். ஆயின் அது சிறிது உரத்தும் ஒலித்தது. ஒலி உரக்குந்தோறும் தாழ்ந்த சுரங்கள் செவியில் மிகுந்து நிற்கும் என்பதை பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933-இலேயே அளந்து காட்டினர். ஆதலின் இரண்டையும் ஒரே அளவாக்கி மீண்டும் வினவியபோது புகழ் இரண்டுபட்டது. அரைமணி நேரம் இடைவிடாது கேட்டபின் பலர் நேரிய குரலின்பாற் சாய்ந்தனர். கனடா நாட்டு ஆராய்ச்சிக் கழகத்தில் பிளாய்டு டூல் என்பார் 1980-களில் நடத்திய சோதனைகளும், பெட்டியைக் காணாது கேட்போர் நேரிய ஒலியையே விரும்புவர் என்று காட்டின.

இனி, மனிதர் குரலே வேண்டியது என்று மேலே கூறியதன் காரணத்தைச் சொல்வாம். எமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் காலஞ்சென்று பல ஆண்டுகளாயின. 1991-ஆம் ஆண்டு மார்கழித் திங்களில் அவர் நடத்திய வகுப்பொன்றை எம்முள் ஒருவர் ஒலிநாடாவிற் பதிவுசெய்து வைத்திருந்தனர். அவர் குரலாக எஞ்சியது அந்நாடா ஒன்றே. அதனைச் செப்பஞ்செய்து குடும்பத்தார்க்குக் கொடுத்தல் வேண்டும் என்பதே இம்முயற்சிக்கெல்லாம் வித்து. எந்தக் குரலாகக் கொடுப்பது என்பதில் எம்முள் ஒருமை இல்லை. ஆசிரியருடைய மூத்த புதல்வர் இரண்டையும் கேட்டு, "அலங்காரக் குரலே அப்பாவுக்குத் தகும், கம்பீரமாக இருக்கின்றது. மற்றதில் நாடாவின் இரைச்சலும் கேட்கின்றதே" என்றார். அவர் கூற்றை எளிதில் தள்ளுதற்கில்லை. தந்தையைச் சிறப்பாகக் கேட்க விரும்பும் மகன் விருப்பத்தில் பிழை யாது?

முடிவை ஆசிரியரின் மனைவியாரிடம் விட்டோம். எது எதுவென்று கூறாமல் முதலில் அலங்காரக் குரலை ஒலிக்கச் செய்தோம். அம்மையார் புன்னகை செய்து, "நன்றாக இருக்கிறது, ரேடியோவில் பேசுகிறவர்கள் போல் இருக்கிறது" என்றனர். பின்னர் நேரிய குரல் ஒலித்தது. நெடுநேரம் பேசாதிருந்தனர். பாட்டொன்றின் பொருள் சொல்லி ஆசிரியர் சற்று நிறுத்திய இடத்தில், எம்மை நோக்கி, "அன்றைக்கு அவர்களுக்குத் தொண்டை கட்டியிருந்ததோ?" என்று வினவினர்.

கட்டியே இருந்தது. சுக்கு வெந்நீரைப் பித்தளைக் குவளையில் வைத்துக்கொண்டு இடையிடையே பருகியவாறு அவர் அன்று பாடம் நடத்தியது எம் நினைவிற்கு வந்தது. அதனை யாம் எவர்க்கும் சொன்னதில்லை, எம்முள்ளும் மறந்திருந்தோம். அலங்காரக் குரலில் அக்கரகரப்பு முழக்கத்தில் மறைந்துவிட்டது. நேரிய குரல் அதனை மறையாது கொணர்ந்து, நாற்பதாண்டு உடன்வாழ்ந்தார் செவியில் சேர்த்தது. மூத்த புதல்வர் மறுத்தொன்றும் கூறவில்லை. இரைச்சலை மட்டுமாவது நீக்கித் தரலாமே என்று யாம் கேட்டதற்கு, "இருக்கட்டும், அதோடு அவர் குரலிலும் ஏதேனும் போய்விடப் போகிறது" என்றனர் அம்மையார்.

வகுப்பைப் பதிவுசெய்த நாடா ஒற்றைக்குரல் நாடா ஆதலின் ஒரு பெட்டியே போதும். செய்த இரண்டனுள் ஒன்றை அம்மையார் இல்லத்தில் வைத்து வந்தோம். மற்றொன்று எம்மிடம் உளது. அதற்குத் துணையாக மூன்றாவது பெட்டிக்கும் பலகை அறுத்தாயிற்று. பௌதிகம் பயிலும் மாணவ நண்பர்களுள் விருப்பமுடையார், மின்தடை ஒன்றும் அளவைக் கருவி ஒன்றும் கொண்டு முதலில் இயல்பதிர்வை அளக்கத் தொடங்குவாராக. இலவம்பஞ்சும் ஊதுவத்தியும் எவ்வூரிலும் கிடைக்கும். சோதனை முடிந்தபின், தமக்கு நெடுநாட் பழகிய ஒருவர் குரலை அதில் ஒலிக்கச் செய்து, அவரை நன்கறிந்தார் ஒருவரைக் கேட்கச் செய்தலும் வேண்டும். கருவி காட்டும் கோட்டையும் அவர் கூறுஞ் சொல்லையும் ஒருங்கு வைத்து நோக்கியபின்னரே பெட்டிக்கு மெருகிடுக.