ஒண்டியா இருக்கிறவங்களுக்கு ஒரு நாலு கால் விசிட்டர்!

சேலத்துல பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவையும் தலை சுத்தாம தாண்டி ஏற்காடு வந்துட்டீங்களா? அப்போ ஒண்டிக்கடை ரவுண்டானாவை மிஸ் பண்ணவே முடியாது. ஏரி, அண்ணா பூங்கா எல்லாம் பக்கத்துலதான். மே மாசக் கோடை விழா சமயத்துல இங்க கால் வைக்க இடம் இருக்காது. ஆனா, பேரைக் கவனிச்சீங்களா? ஒண்டி... அதாவது தன்னந்தனி! இவ்வளவு கூட்டத்துக்கு நடுவுல இப்படி ஒரு பேர்.

அந்தப் பேருக்குப் பொருத்தமான ஆளுங்களும் இருக்காங்க. சேர்வராயன் மலையில 67 கிராமங்கள். பிள்ளைங்க படிப்பு, வேலைன்னு கீழே இறங்கிட்டா, வீட்டுல மிச்சம் இருக்கிறது தாத்தாவும் பாட்டியும்தான். அப்புறம் யாராவது ஒருத்தர்தான். மலையில மட்டுமில்லை, சேலமோ சென்னையோ, எந்த முதியோர் இல்லத்துக்குப் போனாலும் வாசலையே பார்த்துக்கிட்டு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார்.

சரி, ஏரிக்கரைக்கு வாங்க. சூடா மிளகாய் பஜ்ஜி வாங்கி உட்கார்ந்தா பக்கத்துல ஒரு நாய் வந்து உட்காரும். எந்த காலேஜ், எத்தனை அரியர்னு அது கேக்காது. பஜ்ஜி தீர்ந்த பிறகும் சில நாய்கள் நகராது. சும்மா கூடவே இருக்கும். அந்தக் 'கூடவே இருக்கிற' குணத்தை ஒரு சேவையாவே மாத்தியிருக்காங்க. அதுக்குப் பேர்தான் 'தெரபி டாக்'.

1991-ல் ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் என்ற பெண்மணி, மேக்ஸ் என்ற தன் நாயை ஆஸ்பத்திரி நோயாளிகளைப் பார்க்க அழைத்துப் போனார். 'டாக்டர் டாக்' திட்டம் அப்படித்தான் பிறந்தது. நம்ம சென்னையிலும் ப்ளூ கிராஸ் அமைப்பு இந்தத் திட்டத்தை நடத்தியிருக்கு. இந்த டாக்டர் ஊசி போடாது, மருந்து எழுதாது. தலையைத் தடவக் கொடுக்கும், அவ்வளவுதான் ட்ரீட்மென்ட்!

'இதனால என்ன ஆயிடப் போகுது?'ன்னு கேக்கறீங்களா? 2002-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியாச்சு. பராமரிப்பு இல்லங்களில் இருந்த 45 பேரை மூணு பிரிவாப் பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு நாய் வரவே இல்லை. ஒண்ணுக்கு வாரம் ஒரு தடவை, இன்னொண்ணுக்கு வாரம் மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம், மொத்தம் ஆறு வாரம். நாய் வந்து போனவங்களுக்குத் தனிமை உணர்வு நல்லாவே குறைஞ்சிருந்தது. அதுலயும் வாரம் ஒரு தடவை வந்ததே போதுமானதா இருந்தது!

2005-ல் அதே ஆய்வாளர்கள் இன்னொண்ணும் பார்த்தாங்க. எல்லாரும் கூடி உட்கார்ந்து நாயைப் பார்த்ததைவிட, ஒருத்தர் ஒண்டியா நாயோட இருந்த நேரம்தான் அதிகம் உதவியிருக்கு. கூட்டம் சேர்க்கிறது மட்டுமே தனிமைக்கு மருந்தில்லை பாருங்க!

உடனே ஏரிக்கரை நாய்க்குக் கயிறு கட்டிக் கூட்டிட்டுக் கிளம்பிடாதீங்க. எல்லா நாயும் இதுக்கு ஒத்து வராது. ஜாதி நாயா, நாட்டு நாயாங்கிறது பிரச்னை இல்லை, குணம்தான் கணக்கு. புது ஆளுங்க தொட்டா பயப்படக் கூடாது. வீல்சேர் உருண்டாலோ, ஊன்றுகோல் டமால்னு விழுந்தாலோ மிரளக் கூடாது. ரேபீஸ் தடுப்பூசி தவறாம போட்டிருக்கணும். போறதுக்கு முன்னாடி குளிப்பாட்டி, நகம் வெட்டணும். முதியவங்க தோல் ரொம்ப மெல்லிசு, லேசாக் கீறினாலும் காயம்தான். இல்லத்துப் பொறுப்பாளர் அனுமதி இல்லாம வாசல்படி ஏறாதீங்க. நாய்னா பயம், அலர்ஜி, 'வேண்டாம்பா'ன்னு சொல்றவங்களையும் மதிக்கணும்.

நாய்க்கும் 'வேண்டாம்'னு சொல்ல உரிமை உண்டு. திரும்பத் திரும்பக் கொட்டாவி விடுதா, உதட்டை நக்குதா, வாலைக் கால் இடுக்குல செருகுதா? 'போதும், வீட்டுக்குப் போலாம்'னு சொல்லுதுன்னு அர்த்தம். கிளம்பிடுங்க. ஒரு போட்டோவுக்காகப் பிடிச்சு நிறுத்தாதீங்க.

உங்க வேலை என்ன? கயித்தோட இந்த முனையைப் பிடிச்சுக்கிட்டு பேசாம இருக்கணும். பாட்டி பேசுவாங்க. நாயோட காதுலதான் பேசுவாங்க. 'எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு'ன்னு தொடங்கி, அந்த வீடு, மாடு, மகன்னு கதை எங்கெங்கோ போகும். குறுக்கே ஆறுதல் சொல்லாம கேட்டாலே போதும்.

ஒண்ணே ஒண்ணு. 'அடுத்த வாரம் வர்றோம் பாட்டி'ன்னு வாய்க்கு வந்தபடி சொல்லாதீங்க. உங்களுக்கு அது சும்மா ஒரு டாட்டா. அவங்களுக்கு அது காலண்டர்ல வட்டம் போட்ட தேதி. செமஸ்டர் எக்ஸாம், கேம்பஸ் இன்டர்வியூ எல்லாம் கணக்குப் பண்ணி, மாசம் ஒரு நாள்தான் முடியும்னா அதையே சொல்லுங்க. சொன்ன நாள்ல போய் நில்லுங்க. நாய் வாக்குக் கொடுக்காது. அதுக்கும் சேர்த்து நீங்கதான் வாக்கைக் காப்பாத்தணும்!