கொடுப்பவனின் எல்லை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

"எருதின் நோய் காக்கைக்குத் தெரியுமா?" என்பது பழமொழி. அந்தக் காக்கை நான்தான் என்பதைச் சென்ற கார்த்திகை மாதத்தில் ஓர் ஆம்ப்ளிபயர் எனக்கு உணர்த்தியது. அந்தக் கதையை நண்பர்களுக்குச் சொல்லி, கூடவே கொஞ்சம் இயற்பியலும் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் அண்ணன் வாடகை வேன் ஓட்டுபவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே மிக்ஸி ஓடாவிட்டாலும், மின்விசிறி சுற்றாவிட்டாலும், "பிசிக்ஸ் படிக்கிறவனைக் கூப்பிடு" என்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை உண்டு; இல்லை என்று சொன்னால் பொய்யாகும்.

கார்த்திகை பிறந்தால் சபரிமலைச் சவாரிகள் தொடங்கிவிடும். வேனின் முன்பக்கம் வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. "பின்சீட்டுச் சாமிகளுக்குப் பாட்டு கேட்கலையாம். அதே மாதிரி இன்னும் ரெண்டு வாங்கிட்டு வந்திருக்கேன். மாட்டித் தர்றியா தம்பி?" என்றார் அண்ணன். நான்குமே 4 ஓம் ஸ்பீக்கர்கள். முன் ஸ்பீக்கரின் கம்பியிலிருந்தே கிளை எடுத்துப் பின் ஸ்பீக்கருக்குக் கொடுத்தேன்; பிளஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ். அதாவது, பக்க இணைப்பு.

கணக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு 4 ஓம் பக்க இணைப்பில் 2 ஓம் ஆகும். மின்னழுத்தம் மாறாமல் தடை பாதியானால் திறன் இரு மடங்கு. ஆம்ப்ளிபயர் ஒரு பக்கத்துக்கு 14 வோல்ட் கொடுக்கிறது என்று கொண்டால், 4 ஓமில் 49 வாட். 2 ஓமில் 98 வாட்! "பெட்டியை மாத்தாமலே பவர் ரெண்டு மடங்கு, அண்ணே!" என்றேன். போதாக்குறைக்கு, பளுவின் தடை மூலத்தின் அகத்தடைக்குச் சமமாகும்போது பெருமத் திறன் கிடைக்கும் என்ற தேற்றத்தை அப்போதுதான் வகுப்பில் படித்திருந்தேன். ஆம்ப்ளிபயரின் அகத்தடை மிகக் குறைவு. ஆகவே பளுவையும் குறைக்கக் குறைக்க நல்லது என்று விளக்கம் வேறு சொன்னேன். அண்ணனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் அவர் முகம் மலர்ந்தது.

மறுநாள் மாலை பன்னிரண்டு சாமிகளோடு வேன் புறப்பட்டது. இரவு பத்தரை மணிக்கு அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "பாட்டு நின்னு நின்னு வருதுடா. பெட்டியில கை வைக்க முடியலை, கொதிக்குது."

"புதுசா மாட்டினதுல்ல, அப்படித்தான் இருக்கும். ஓடட்டும் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அரைமணி நேரத்தில் வேனுக்குள் கருகல் வாசனை. சாமிகள் பதறிப்போய் இறங்கிவிட்டார்களாம். அண்ணன் இருட்டில் சாலையோரம் நின்று பியூஸைப் பிடுங்கியிருக்கிறார். பாட்டில்லாமல் போய் வந்த சவாரியில் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். புதிய பெட்டிக்கு 4,500 ரூபாய் ஆயிற்று. அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பழைய பெட்டிதானே, போகட்டும்" என்றார். அது வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கருகிய பெட்டியை ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் அதைக் கவிழ்த்து, அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்: ஒரு சேனலுக்குக் குறைந்தபட்சம் 4 ஓம். பிறகு சொன்னார்: "தம்பி, ஸ்பீக்கர் எவ்வளவு கேட்டாலும் இது கொடுத்துக்கிட்டேதான் இருக்கும். நின்னு நின்னு பாடுச்சுன்னீங்களே, அதுதான் இது 'முடியலை'ன்னு சொன்னது. நீங்க காதுல வாங்கலை."

அன்றிரவு மீண்டும் கணக்குப் போட்டேன். 4 ஓமில் 3.5 ஆம்பியர் ஓடிய இடத்தில், 2 ஓமில் 7 ஆம்பியர். ஸ்பீக்கருக்கு இரு மடங்கு திறன் போனது உண்மைதான். ஆனால் அதே மின்னோட்டம் பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் வழியாகத்தானே வந்தாக வேண்டும்? அங்கேயும் வெப்பம் ஏறத்தாழ இரு மடங்கு. அதை வெளியேற்றும் அலுமினியத் தகடோ அதே பழைய அளவு. என் கணக்கில் பிழையில்லை. பாதிக் கணக்கைத்தான் போட்டிருந்தேன்.

தேற்றத்தின் கதையைப் பேராசிரியர் ஐயாவிடம் கேட்டேன். "அந்த நிலையில் பாதித் திறன் மூலத்துக்குள்ளேயே வெப்பமாகப் போகும். பளு எவ்வளவு பெறும் என்பதுதான் தேற்றம், மூலம் அதைத் தாங்குமா என்பது வேறு கேள்வி" என்றார். வால்வு ஆம்ப்ளிபயர்களில் 4, 8, 16 ஓம் எனத் தனித்தனி முனைகள் வைத்து, ஸ்பீக்கருக்கு ஏற்ற முனையில் இணைப்பார்களாம். டிரான்சிஸ்டர் பெட்டியில் பொருத்தம் என்பது வேறு: குறித்திருக்கும் எல்லைக்குக் கீழே பளு இறங்கக் கூடாது. அவ்வளவே.

இன்னொன்றும் கற்றேன். 4 ஓம் ஸ்பீக்கரை மல்டிமீட்டரால் அளந்தால் 3.4 ஓம் அளவில்தான் காட்டும். ஸ்பீக்கர் பழுது என்று எண்ண வேண்டாம். மீட்டர் காட்டுவது கம்பிச்சுருளின் நேர்மின்தடை. 4 ஓம் என்பது மின்னெதிர்ப்பு. அது பாட்டின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும்; சொல்லப்படும் எண் ஒரு பெயரளவு மதிப்பே.

புதிய பெட்டிக்கு ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு ஸ்பீக்கர்களையும் தொடரிணைப்பாக மாட்டினேன். முன்னதன் மைனஸ், பின்னதன் பிளஸ். மொத்தம் 8 ஓம். திறன் 24.5 வாட்டாகப் பாதியானது. ஆனால் பாதித் திறன் என்பது 3 டெசிபல் குறைவுதான்; காதுக்குப் பாட்டு பாதியாகத் தோன்றுவதில்லை. நம் காதுக்குச் சத்தம் இரட்டித்தது போலத் தோன்ற வேண்டுமானால் திறன் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். நான் ஆசைப்பட்ட இரு மடங்கு எவ்வளவு அற்பம்! பக்கத்துக்கு நான்கு ஸ்பீக்கர்கள் வேண்டுவோர், இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரு சோடிகளையும் பக்க இணைப்பாக்கினால் மறுபடியும் 4 ஓம் கிடைக்கும், பெட்டிக்குத் தீங்கில்லை.

1827-ல் தம் விதியை நூலாக வெளியிட்ட ஜார்ஜ் சைமன் ஓம், ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். முறையான கல்வி பெறாத அந்தத் தந்தை, தாமே கற்று மகனுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தார் என்று படித்தபோது, எனக்கு என் அண்ணனின் நினைவு வந்தது. கல்லூரிக் கட்டணம், பேருந்துக் கட்டணம், புத்தகம், செல்போன் என்று எத்தனை பளுக்களை அவர்மீது பக்க இணைப்பாக மாட்டியிருக்கிறேன்! கேட்டபோதெல்லாம் கொடுத்தார்; கொடுக்கிறாரே என்று மேலும் கேட்டேன்.

நண்பர்களே! பெட்டியின் அடியில் எல்லை அச்சிடப்பட்டிருக்கிறது. மனிதர்கள்மீது அப்படி எதுவும் எழுதியிருப்பதில்லை. நாம்தான் கேட்டறிய வேண்டும். இப்போதெல்லாம் பணம் கேட்பதற்கு முன், "இந்த மாசம் சவாரி எப்படி, அண்ணே?" என்று கேட்கப் பழகி வருகிறேன்.