மாலைக்கு வராத பூ

பினாங்கு லிட்டில் இந்தியாவில் குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. அந்த வட்டாரப் பூக்கடைகளில் மல்லி, சாமந்தி, ஆர்க்கிட் எல்லாம் குவிந்திருக்கும். போன வெள்ளிக்கிழமை ஒரு கடையில் செங்காந்தள் கேட்டேன். பூக்கட்டும் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“கலப்பைக் கிழங்குப் பூவா? சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல அதெல்லாம் வேணாம் தம்பி.”

சரியாகத்தான் சொன்னார். கலப்பை போல வளைந்த அந்தக் கிழங்கைத் தின்றால் உயிரே போகும். அதிலுள்ள கோல்ச்சிசின் நஞ்சுதான், அளவோடு கொடுத்தால் மூட்டுவலிக்கு மருந்து. இதன் விதைக்காகவே தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் பயிர் செய்கிறார்கள்.

லில்லிக் குடும்பத்தில் வைத்திருந்த இந்தக் கொடியைத் தாவரவியலார் இப்போது தனியே பிரித்துவிட்டார்கள். அழகு என்னவோ குறையவில்லை! இலை நுனியே சுருண்டு வேலியைப் பற்றி ஏறும். பின்னோக்கி வளைந்த ஆறு இதழ்கள் பச்சை, மஞ்சள் என மாறிக் கடைசியில் தீயாய்ச் சிவக்கும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 பூக்களில் முதல் பூ இதுதான். இன்று தமிழ்நாட்டின் மாநில மலர்.

இங்கே நம் பிள்ளைகளுக்குத் தேசிய மலர் செம்பருத்தி தெரியும். காந்தளையும் நேரில் காட்ட எனக்கு ஆசை. வளர்ப்பவர்கள் தொட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள், கிழங்கைக் கையுறை போட்டுத் தொடுங்கள். எடுத்து வைக்கும் கிழங்கு மட்டும் சமையலறை வெங்காயக் கூடைப் பக்கம் போகவே கூடாது.