கடலுக்கு ஒரு மோட்டார்

மோட்டார், பம்ப், பியூஸ் என்ற வார்த்தைகள் காதில் விழுந்தால், "அது புருஷர்கள் சமாசாரம்" என்று சமையலறைப் பக்கம் நழுவிவிடும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் மாடித் தொட்டி நிரம்பி, சுவரெல்லாம் அருவியாகக் கொட்டும்போது ஓடிப்போய் ஸ்விட்சை அணைப்பது யார்? சென்னையில் அந்த உத்தியோகத்தைப் பல வருஷம் பார்த்தவள் என் அக்கா. அவள் அமெரிக்காவில், நியூஜெர்ஸியில், தன் வீட்டுக் கடலுக்கு ஒரு மோட்டார் தேர்ந்தெடுத்த வைபவத்தைச் சொல்லப் போகிறேன்.

கடல் என்றது வெறும் அலங்காரத்துக்கு அல்ல. அவர்கள் கூடத்தில் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அந்த ஊர்க் கணக்கில் 180 காலன். நம் கணக்கில் ஏறக்குறைய 680 லிட்டர் உப்புத் தண்ணீர். உள்ளே காளான் மாதிரி, விரல் மாதிரி, கோழிக்கொண்டைப் பூ மாதிரி விதவிதமான பவளங்கள். எல்லாம் உயிருள்ளவை. அவற்றின் நடுவே ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோமாளி மீன்கள் இரண்டு சதா ரோந்து சுற்றுகின்றன. அக்காவின் பவளங்கள் கடலிலிருந்து பெயர்த்தவை அல்ல. வேறு வீடுகளில் வளர்ந்ததை ஒரு துண்டு நறுக்கி, முருங்கைக் கொம்பு நடுகிற மாதிரி ஒட்டி வளர்த்தவை. (இதைப் படித்துவிட்டு நம் ஊரில் யாரும் ஆசைப்பட வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நம் கடலின் கல் பவளங்களைக் காவலில் வைத்திருக்கிறது.)

தொட்டியின் விளிம்பில் வழியும் தண்ணீர், குழாய் வழியாகக் கீழே இன்னொரு தொட்டிக்குப் போகிறது. சூடு காட்டும் கருவியும், அழுக்கை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் கருவியும் அங்கேதான். சுத்தமான தண்ணீரை மறுபடி மேலே ஏற்றுவதுதான் மோட்டாரின் வேலை. இரவு பகல் ஓய்வில்லை. அது நின்றால் மேலே சூடும் போகாது, சுத்தமும் நடக்காது.

அக்கா வீட்டில் கீழ்த் தொட்டி, கூடத்துக்கு அடியில் நிலவறையில் இருந்தது. பழைய மோட்டாருக்கு ஒரே வேகம்தான். ரெகுலேட்டர் இல்லாத மின்விசிறி மாதிரி. அதன் ரீங்காரம் தரை வழியாக ஏறி வந்து, இரவு நிசப்தத்தில் தலையணைக்குள் புகுந்துகொள்ளும். போன குளிர்காலத்தில் அதற்கு வயசாகிவிட்டது தெரிந்தது. ஒரு விடியற்காலையில் ஓசை இல்லாததாலேயே அக்கா விழித்துக்கொண்டாளாம். கைக்குழந்தையின் மூச்சுச் சத்தம் கேட்காவிட்டால் தாய் விழித்துக்கொள்வாளே, அந்த மாதிரி. சுத்தம் செய்து மறுபடி ஓட விட்டாலும், இனி அதை நம்ப முடியாது.

நான் விடுமுறையில் போயிருந்தபோது வீட்டில் இதே பேச்சு. அத்திம்பேர் ஏற்கெனவே ஒன்றைத் தீர்மானித்திருந்தார். "மணிக்கு 12,000 லிட்டர்! செல்போனிலேயே வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்!" என்று படத்தைக் காட்டினார்.

"12 அடி மேலே ஏறின பிறகு எத்தனை லிட்டர்?" என்றாள் அக்கா.

அத்திம்பேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

கேள்வி நியாயமானது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போடும் லிட்டர் கணக்கு, தண்ணீரைக் கொஞ்சமும் மேலே ஏற்றாமல் வெறுமே தள்ளும்போது கிடைப்பது. ஏற ஏற அது குறைந்துகொண்டே வரும். குழாய் வளைவுகள் இன்னும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். உண்மையைச் சொல்லும் வளைகோட்டுப் படம் ஒன்றைத் தயாரிப்பாளர்கள் எங்காவது மூலையில் போட்டிருப்பார்கள். "நீதான் பத்திரிகைக்காரி ஆயிற்றே, அதைத் தேடிப் படித்துச் சொல்லடி" என்று அக்கா அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினாள்.

படித்தேன். முதல் விஷயம், இவ்வளவு தண்ணீரே தேவையில்லை. தொட்டித் தண்ணீர் மணிக்கு மூன்று முதல் ஐந்து தடவை சுற்றி வந்தால் போதும் என்பது பலர் கைக்கொள்ளும் கணக்கு. அதாவது 2,000 முதல் 3,400 லிட்டர். பவளங்களுக்கு வேண்டிய அலையை உண்டாக்கத் தொட்டிக்குள்ளேயே தனியாகச் சின்ன விசிறிகள் உண்டு. மோட்டார் அளவுக்கு மீறித் தள்ளினால் வழிகுழாய் திணறிக் கடகடவென்று சத்தம் போடும்.

இரண்டாவது விஷயம்தான் சுவாரஸ்யம். "அதிகமானால் என்ன, குறைத்து வைத்துக்கொண்டால் போயிற்று!" என்றார் அத்திம்பேர். இந்த மாதிரிச் சுழல் பம்புகளில் வேகம் பாதியானால் ஏற்றும் உயரம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடுகிறது. அவர் பார்த்த மோட்டார் முழு வேகத்தில் அதிகபட்சம் 20 அடி ஏற்றும். வேகத்தை முக்கால்வாசியாக்கினால் 11¼ அடி. அரைவாசியாக்கினால் 5 அடி. அக்காவுக்கு வேண்டியதோ 12 அடி! முக்கால் வேகத்தில் ஓடும்போது தண்ணீர் கூடத்துத் தரையைத் தாண்டித் தொட்டி விளிம்புக்கு முக்கால் அடி கீழே வந்து நின்றுவிடும். மோட்டார் சுற்றும், செல்போனில் பச்சை விளக்கு எரியும், தொட்டிக்கு ஒரு சொட்டு வராது. பத்துப் படி வேகம் இருந்தும், உபயோகமாவது உச்சியிலுள்ள இரண்டு மூன்று படிதான். அதற்கா அவ்வளவு பணம்?

அக்கா அன்றிரவு ஒன்றும் பேசவில்லை. காலையில் காப்பியோடு தீர்ப்பு வந்தது. "மோட்டாரை மாற்றுவதற்கு முன்னால் கீழ்த் தொட்டியை மாற்றுங்கோ. கூடத்துத் தொட்டிக்கு அடியிலேயே, அலமாரிக்குள் வைத்துவிடலாம். கரண்ட் போனால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிலவறைப் படியில் இறங்குவது நான்தானே?"

உயரம் 12 அடியிலிருந்து 4 அடியாகிவிட்டது. அத்திம்பேர் பார்த்ததைவிடச் சின்ன மோட்டாரே போதும். அதையும் முக்கால் வேகத்துக்குக் கீழேயே ஓட்டலாம். வேகம் குறைந்தால் மின்சாரச் செலவு அதைவிட வெகு வேகமாகக் குறையும், சத்தமும் அடங்கும். கூடத்தில் ரீங்காரம் கேட்குமே என்ற பயம் எனக்கு இருந்தது. கெட்டிக் குழாய்க்குப் பதில் கடைசி ஒரு முழத்துக்கு மிருதுவான ரப்பர்க் குழாய் போட்டதில் அதிர்வு அலமாரிக்கு ஏறவில்லை.

இந்தப் புது மோட்டார்கள் 24 வோல்ட் நேர் மின்சாரத்தில் ஓடுபவை. மோட்டார், வேகப் பெட்டி, அடாப்டர் என்று மூன்று அங்கங்கள். மூன்றில் எது படுத்தாலும் ஓட்டம் நின்றுவிடும். பழையதில் மோட்டாரையும் ஒயரையும் தவிர வேறு அங்கம் கிடையாது. இதை விற்பவர்கள் சொல்வதில்லை. ஆகவே அக்கா விசாரித்த கேள்விகள் வேறு. கரண்ட் போய் வந்தால் தானாகப் பழைய வேகத்தில் ஓடுமா, யாராவது பொத்தானை அழுத்த வேண்டுமா? அடாப்டர் தனியாகக் கிடைக்குமா? மீனுக்கு இரை போடும்போது பத்து நிமிஷம் நின்று, தானே மறுபடி ஓடுமா? கடைசிக் கேள்வி முக்கியம். இரை போட மோட்டாரை அணைத்துவிட்டு, டெலிபோன் வந்து, அப்படியே மறந்துபோன கதை இந்தத் தொட்டி வைத்திருப்பவர்கள் வீடுகளில் ஏராளம்.

மின்சாரத் தடை அங்கேயும் வரும். 2012 அக்டோபரில் ஸாண்டி புயல் அடித்தபோது நியூஜெர்ஸியில் பல வீடுகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய வேளையில் முதலில் பேட்டரி கொடுக்க வேண்டியது இந்த மோட்டாருக்கு அல்ல. தொட்டிக்குள் தண்ணீரை அலைக்கும் சின்ன விசிறிக்கு. மேல்மட்டம் கலங்காவிட்டால் பிராணவாயு குறைந்து, மீன்கள் சில மணி நேரத்தில் தவிக்க ஆரம்பித்துவிடும். அக்கா பேட்டரியை அதற்கே ஒதுக்கினாள்.

மோட்டார் நின்றால் இன்னோர் ஆபத்து. மேலே போன குழாயே தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக் கீழே கொட்டும். மேல் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினால் சுமார் 28 லிட்டர்; அதாவது இரண்டு குடம்! ஒரு வழி வால்வை நம்பலாமா என்றால், குட்டி நத்தை ஒன்று இடுக்கில் உட்கார்ந்தால் வால்வின் கதை முடிந்தது. குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே சின்னத் துளை போட்டு வைப்பதுதான் நிச்சயம். காற்று புகுந்ததும் உறிஞ்சல் நின்றுவிடும். துளையில் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் மாட்டி முடிந்ததும், அத்திம்பேர் செல்போனை எடுப்பதற்குள் அக்கா சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டாள். கீழ்த் தொட்டியில் தண்ணீர் ஏறுவதை மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே ஒன்றரை அங்குலம் இறங்கியது. கீழே விளிம்புக்கு நாலு விரல் இருக்கையில் நின்றது. அக்கா அந்த இடத்தில் பென்ஸிலால் ஒரு கோடு போட்டாள். மோட்டார் ஓடும்போது தண்ணீர் நிற்கும் இடத்தில் இன்னொரு கோடு. இதற்கு மேல் ஊற்றக் கூடாது என்று அத்திம்பேருக்கு உத்தரவாயிற்று.

பழைய மோட்டாரை அவள் தூக்கிப் போடவில்லை. வினிகர் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, படிந்திருந்த சுண்ணாம்பைப் பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போக உலர்த்தித் துணியில் சுற்றி அலமாரி மேல்தட்டில் வைத்திருக்கிறாள். புது மோட்டாருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே வினிகர் ஸ்நானம். அந்த அரை மணிக்குப் பழையவர் பதில் உத்தியோகம் பார்க்கிறார். முதல் தடவை வாசனை பிடித்துக்கொண்டு, "என்ன, ஊறுகாயா?" என்று அத்திம்பேர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாராம்.