முகத்தில் கை வைக்காத திருத்தம்

22 ஜூலை 2025, செவ்வாய். கிளிநொச்சி

2009இல் போர் முடியுமுன் எடுத்த படம் ஒன்று வன்னிக் குடும்பத்தின் கையில் இன்னும் இருக்கிறதென்றால், அது எந்த வழியால் வந்தது என்பதைத் தாளைப் பார்த்தே சொல்லலாம். ஓரத்தைக் கறையான் அரித்திருந்தால், இடம்பெயரும்போது வளவுக்குள் புதைத்து, திரும்பி வந்து தோண்டியெடுத்த அல்பம். உப்புத் தண்ணீர் பட்டு நிறம் வழிந்திருந்தால், முல்லைத்தீவுக் கரையில் 2004 சுனாமிக்குத் தப்பியது. நடுவில் மடிப்பு விழுந்திருந்தால், அடையாள அட்டைக்குப் பின்னால் செருகப்பட்டு மாத்தளன், முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் கடந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் வரை போய் வந்தது. இப்படிப் பிழைத்த படங்கள்தான் எங்கள் ஸ்ரூடியோவுக்கு வருகின்றன.

இன்று புதுக்குடியிருப்புப் பக்கத்து அம்மா ஒருவர் மகனுடைய படத்தைக் கொண்டுவந்தார். குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ்களோடு பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்ததாம். தண்ணீர் உள்ளே போய் இடது கன்னம் வெளுத்து, புருவத்தில் பாதி மங்கிக் கிடந்தது. ஓகஸ்ட் 30, காணாமல் ஆக்கப்பட்டோர் நாளில் வீதியில் பிடிக்கப் பெரிதாக்கித் தர வேண்டும் என்றார்.

ஸ்கான் பண்ணி, முகத்தைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுச் சேவை ஒன்றில் ஏற்றினேன். சிறிது நேரத்தில் முகம் வந்தது. தோலில் மாசில்லை, கண்ணில் ஒளி இருந்தது, புருவம் நிரம்பியிருந்தது. அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"இப்பிடித்தான் இருந்தவன் தம்பி. இதையே அடிச்சுத் தாங்கோ."

பெயரும் திகதியும் சரிபார்க்க அவர் தந்த கோப்பில், காணாமற்போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழு 2014இல் கிளிநொச்சியில் அமர்ந்தபோது கொடுத்த முறைப்பாட்டின் பிரதி இருந்தது. அங்க அடையாளம் என்ற இடத்தில், இடது புருவத்தில் வெட்டுக்காயத் தழும்பு என்று எழுதியிருந்தார்கள். பழைய படத்தில் அந்தத் தழும்பின் நுனி தெரிகிறது. திரையில் இருந்தவனின் புருவத்தில் எதுவுமில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"ஏழு வயசில முள்ளுக்கம்பி வேலியால பூரேக்கை கிழிச்சது," என்றார். பிறகு அவரே தீர்ப்பும் சொன்னார். "அப்ப உதை வீட்டில மாட்டுவம். றோட்டில பிடிக்கிறதுக்குப் பழசையே பெருப்பிச்சுத் தாங்கோ."

27 ஜூலை, ஞாயிறு

அந்தத் தழும்பு எங்கே போனது என்பது எனக்கு வடிவாக விளங்க வேண்டியிருந்தது. கடை பூட்டிய நாள் என்பதால் உட்கார்ந்து படித்தேன்.

பள்ளிக்கூடக் குழுப்படம் ஒன்றிலிருந்து ஒரு முகத்தை வெட்டினால், அது 40 புள்ளிக்கு 40 புள்ளி அளவில்கூட வரலாம். அதாவது 1,600 புள்ளிகள். பலரும் பயன்படுத்தும் ஜிஎஃப்பிகான் என்ற திறந்த மென்பொருள் முகத்தை 512க்கு 512 ஆகத் திருப்பித் தருகிறது, 2,62,144 புள்ளிகள். ஆக, வெளியே வரும் 160 புள்ளிகளில் ஏறத்தாழ ஒன்றுக்குத்தான் தாளில் ஆதாரம் உண்டு. மிச்சம் முழுவதும் இயந்திரத்தின் ஊகம். அந்த ஊகத்துக்கு அது பாடம் படித்தது 70,000 முகங்கள் கொண்ட ஒரு தொகுப்பில். என்விடியா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஃபிளிக்கர் தளத்தில் ஆட்கள் ஏற்றியிருந்த படங்களைத் திரட்டி உருவாக்கியது அது. பல வயதினரும் பல இனத்தவரும் அதில் இருக்கிறார்கள். ஆனால் புதுக்குடியிருப்புப் பெடியன் ஒருவனின் புருவத் தழும்பு அதில் இருக்க வழியில்லை. தழும்பும் அதற்குக் கறைதான். கறையைத் துடைக்கச் சொன்னோம், துடைத்துவிட்டது.

2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய பல்ஸ் என்ற கருவியில், பராக் ஒபாமாவின் மங்கலான சிறு படத்தை ஒருவர் போட்டுப் பார்த்தார். தெளிவாக வந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம். மங்கல் படம் ஒன்றுக்குப் பொருந்தக்கூடிய முகங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இயந்திரம் அதில் ஒன்றைத் தருகிறது. உலகமே அறிந்த முகம் என்பதால் அன்று பிழை பிடிபட்டது. எங்கள் அம்மாமாரின் பிள்ளைகளுடைய முகம் பிழைத்தால் பிடிப்பதற்கு ஆர் இருக்கிறார்கள்? பதினாறு வருடம் காத்திருந்த தாயின் கண், தெளிவாகத் தெரிகிற எந்த முகத்தையும் தன் பிள்ளை என்று சேர்த்தணைக்கத் தயாராக இருக்கிறது. அதனாலேயே பொறுப்பு எங்களிடம் வருகிறது.

5 ஓகஸ்ட், செவ்வாய்

யாழ்ப்பாணம் செம்மணியில், சித்துப்பாத்தி மயானப் புதைகுழியிலிருந்து எலும்புக்கூடுகளோடு எடுத்த பொருட்களை நீதிமன்றம் இன்று மக்கள் பார்வைக்கு வைத்தது. உடுப்புகள், செருப்புகள், வளையல்கள், ஒரு பள்ளிக்கூடப் பை, பொம்மை. தெரிந்த பொருள் ஏதும் உண்டா என்று பார்க்க இங்கிருந்தும் ஆட்கள் போனார்கள்.

எங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலும் இப்படியொரு புதைகுழி வெளிவந்தது. முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் கடைசியில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் எலும்புகள் வெளிவந்தன. 2024 ஜூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. சீருடைத் துணிகளும் இலக்கத் தகடுகளும் கூடக் கிடைத்தன.

இப்படியான இடங்களில் பழைய படத்துக்கு ஒரு வேலை உண்டு. ஒருவர் சிரித்தபடி இருக்கும் படத்தில் முன்பற்கள் தெரிந்தால், பல்லிடை வெளி, மிதப்பு, உடைந்த முனை ஆகியவற்றை மண்டையோட்டின் பற்களோடு ஒப்பிடுவது தடயவியலில் உள்ள முறை. கடைசி உறுதியை மரபணுப் பரிசோதனை தரலாம். ஆனால் எந்தக் குடும்பத்தின் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று தொடங்க, ஒரு பல்லிடை வெளிகூட வழி காட்டக்கூடும்.

முகத்தைத் தெளிவாக்கும் சேவைகளில் நான் பார்த்த வரையில் முதலில் நேராவது பல்தான். எத்திப்பல் உள்ளே போகிறது, இடைவெளி மூடிக்கொள்கிறது. அழகுக்காகச் செய்த அந்த மாற்றம், நாளைக்கு ஒரு சட்ட வைத்தியர் தேடப்போகும் அடையாளத்தை அழித்துவிடும். பழைய தாளைத் தொலைத்துவிட்டு, திருத்திய படத்தை மட்டும் வைத்திருக்கும் குடும்பத்தின் கையில் அப்போது எந்தச் சான்றும் மிஞ்சாது.

14 ஓகஸ்ட், வியாழன்

தருமபுரத்திலிருந்து ஒரு தங்கச்சி வந்தாள். அண்ணனின் படம் ஒன்றே ஒன்று, அதுவும் இயக்கச் சீருடையோடு. 2009 மே மாதத்தில் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வரும்போது பயத்தில் ஆட்கள் இப்படியான படங்களைக் கிழித்தார்கள், எரித்தார்கள், தண்ணீரில் விட்டார்கள். இது எப்படியோ தப்பியிருக்கிறது.

"வீட்டில மாட்ட ஏலாமல் பெட்டிக்குள்ளயே கிடக்கு அண்ணா. ஒரு சேட் போட்டுத் தருவீங்களே?"

முன்பு இதை வேறொருவரின் உடம்பில் தலையை வெட்டி ஒட்டித்தான் செய்வோம். கழுத்தில் கோடு தெரியும். இப்போது மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் மறைத்துக் குறித்து, வெள்ளைச் சேட், கோடு போட்டது என்று தமிழில் எழுதினாலே போதும். முகத்தைக் குறித்த இடத்துக்கு வெளியே விட்டேன். வந்த படத்தின் மேல் பழைய ஸ்கானின் முகத்தை அப்படியே அடுக்கி, புள்ளிக்குப் புள்ளி சரிபார்த்தேன். கன்னத்துக் கீறலும் தாளின் புள்ளிகளும்கூட அப்படியே நிற்கின்றன.

தங்கச்சிக்குச் சந்தோசம். இது நல்ல வேலை என்று நான் மனதார நம்புகிறேன். பதினாறு வருடமாகப் பெட்டிக்குள் கிடந்த ஒருவனைச் சுவரில் மாட்டவும், சாமி கும்பிடும்போது பார்க்கவும் இந்தத் தொழில்நுட்பம் இடம் கொடுக்கிறது. மூலப்படத்தை மட்டும் எறிந்துவிட வேண்டாம் என்று கெஞ்சிச் சொன்னேன். அவன் எப்போது எதை உடுத்திருந்தான் என்பதும் அவனுடைய வரலாறுதான்.

22 ஓகஸ்ட், வெள்ளி

ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு வேலை. மகனின் கலியாணப் படத்தில் தகப்பனைச் சேர்க்க வேண்டும். தகப்பன் 2009இல் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர். கையில் இருக்கும் படத்தில் அவருக்கு முப்பத்தெட்டு வயது. மாப்பிள்ளைக்கு அவரை இன்றைய வயதுக்கு நரைக்க வைத்துத் தரவேண்டும் என்று ஆசை. தாய் கிளிநொச்சியில் இருக்கிறார். அவரையும் கேட்டுப் பார்த்தேன்.

"நரைச்ச மனுசனை நான் காணேல்லை தம்பி. நான் கண்டவரையே பக்கத்தில நிப்பாட்டுங்கோ."

இதே கேள்வியை ஆர்ஜென்ரீனா எங்களுக்கு முன்னரே சந்தித்திருக்கிறது. அங்கு 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக, 1977 ஏப்ரலில் தாய்மார் புவனஸ் அயர்ஸ் நகரின் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் நடக்கத் தொடங்கினார்கள். தடுப்பில் பிறந்தும் பெற்றோரோடு பிடிபட்டும் பறிக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 500 பேர் என்பது அங்குள்ள பாட்டிமார் அமைப்பின் கணக்கு. 2023இல் சந்தியாகோ பாரோஸ் என்ற விளம்பரத் துறைக் கலைஞர், காணாமல் ஆக்கப்பட்ட தாய் தகப்பனின் படங்களை மிட்ஜர்னி என்ற சேவையில் கலந்து, பிள்ளை இன்று எப்படி இருக்கக்கூடும் என்று முகங்கள் செய்து வெளியிட்டார். மறந்துபோன ஒரு தலைமுறைக்கு அந்தப் படங்கள் கேள்வியை மறுபடி கொண்டுபோயின. பாட்டிமார் அமைப்பு அந்த முயற்சியின் நோக்கத்தை மதித்தது. அதோடு, ஒருவரை உறுதியாக அடையாளம் காண மரபணுப் பரிசோதனை ஒன்றே வழி என்றும் சொன்னது. அதற்கென்று அந்த நாட்டில் 1987 முதல் தேசிய மரபணுத் தரவு வங்கியே இயங்குகிறது.

கற்பனை முகம் மனதை அசைக்கட்டும், அடையாளத்தைச் சான்று தீர்மானிக்கட்டும். அந்த ஒழுங்கு எங்களுக்கும் வேண்டும். தகப்பனை முப்பத்தெட்டு வயதிலேயே, மகனுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கொடுத்தேன். படத்தின் கீழே, சேர்க்கப்பட்ட படம் என்று சின்னதாக அச்சிட்டேன். தாயும் மகனும் சம்மதித்தார்கள்.

29 ஓகஸ்ட், வெள்ளி

சோளகக் காற்று புழுதியை அள்ளிக் கடைக்குள் கொட்டுகிறது. கூகுள் இந்த வாரம், 26ஆம் திகதி, புதிய படத்திருத்தக் கருவி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. முகம் மாறாமல் உடையையும் பின்னணியையும் மாற்றுவதில் முன்னையவற்றைவிடத் திறமானது என்கிறார்கள். அதில் உருவாகும் படங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று பதியப்படுகிறது; அதைக் கண்டறியத் தனிக் கருவி வேண்டும். வீதியில் நின்று அட்டையைப் பார்க்கிறவருக்கு அந்தக் குறி ஒன்றும் சொல்லாது.

நாளைக்கு வேண்டிய அட்டைகளை எடுக்க அம்மாமார் வந்தபடி இருந்தார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் அவர்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தபோது பிடித்திருந்ததும் இந்தப் படங்களைத்தான். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. ஆணையாளர்கள் 2018இல் நியமிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு விசாரணைக்கும் இந்தப் படம் போயிருக்கிறது. இந்த எட்டு வருடத்தில் அமர்ந்திருந்த பெற்றோரில் பலர் இறந்துவிட்டார்கள். அவர்கள் போனபிறகு பேசுவதற்குப் படம்தான் இருக்கிறது.

எனக்குப் பெரும் பயம் இதுதான். முகநூலில் செம்மணியின் பெயரில், இயந்திரம் கீறிய குழந்தை முகங்களை ஆட்கள் கண்ணீரோடு பகிர்வதைக் கண்டேன். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் பொய்ப்படம் ஒன்று பிடிபட்டால், மறுக்க நினைப்பவருக்கு உண்மைப் படம் நூறையும் தட்டிவிட அது போதும். எல்லாம் கணினியில் செய்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். உண்மையைத் தங்கள் பக்கம் வைத்திருப்பவர்களுக்குப் புனைவு தேவையே இல்லை. அது அவர்களின் கையிலிருப்பதைப் பறித்துவிடும்.

7 செப்டெம்பர், ஞாயிறு

கடைக்கென்று எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பதை இங்கும் எழுதி வைக்கிறேன்.

எந்தப் படம் வந்தாலும் முதலில் ஸ்கான். அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில், முன்புறமும் பின்புறமும், சுருக்காத கோப்பாக. பின்னால் எழுதிய திகதியும் எடுத்த ஸ்ரூடியோவின் முத்திரையும் சான்றுதான். அந்தக் கோப்பில் ஒரு புள்ளியும் மாற்றக் கூடாது.

தாளில் வந்த சேதத்தைத் திருத்தலாம்: கிழிசல், மடிப்பு, கறை, வெளுப்பு. முகத்தில் சேதம் இருந்தால், வீட்டில் வைக்கும் படத்தில் மட்டும் நிரப்பலாம். முறைப்பாட்டுக்கும் போராட்டத்துக்கும் போகும் படத்தில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும். மாற்றிய படம் ஒவ்வொன்றிலும் என்ன மாற்றியது என்று எழுத வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் முகத்தை இலவசச் செயலி எதிலும் ஏற்றக் கூடாது. அது எந்த நாட்டுக் கணினியில் தங்குகிறது, எதற்குப் பாடமாகிறது என்று குடும்பத்துக்கு நாம் சொல்ல முடியாது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் 2022இல் நிறைவேறியது. அதற்கும் முன்னால் நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறது. திறந்த மென்பொருட்களைக் கடைக் கணினியிலேயே இணையம் இல்லாமல் இயக்கலாம். இனி அப்படித்தான் செய்யப்போகிறேன்.

இது ஒரு கடையால் முடியும் வேலையில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஸ்ரூடியோ வைத்திருக்கும் எல்லோரும், பிரதேச சபை நூலகங்களும், கோயில்களும் தேவாலயங்களும் சேர்ந்தால், வீடு வீடாகப் போய் மூலப்படங்களை ஸ்கான் பண்ணி, குடும்பத்தின் சம்மதத்தோடு மூன்று இடங்களில் பாதுகாக்கலாம். தேவையானது ஒரு ஸ்கானரும் ஒரு மடிகணினியும் பொறுமையான இரண்டு பிள்ளைகளும். படத்தை எப்போது, எங்கே, ஆர் எடுத்தது என்று கேட்டால் சொல்லக்கூடிய அம்மாமார் இன்று இருக்கிறார்கள். கருவிகள் வருடத்துக்கு வருடம் திறமாகும். மூலப்படம் இருந்தால் எப்போதும் திரும்ப முயலலாம். இழந்த மூலத்தை எந்தக் கருவியும் மீட்டுத் தராது. அடுத்த ஞாயிறு புதுக்குடியிருப்பில் தொடங்குகிறேன். ஸ்கானரைக் கொண்டுவரக்கூடியவர்கள் வாருங்கள்.