பால்மரம் இல்லாத படப் புத்தகங்கள்

தாள் முழுக்கக் கறுப்பு. பக்கத்துக்கு ஒரு மரம், இருட்டுக்குள்ளிருந்து தானே ஒளிவிட்டு நிற்கிறது. கிளை எது, பாம்பு எது என்று விரலால் தொடர்ந்து போனால்தான் பிடிபடும். பார்க்கப் பார்க்கக் கோட்டுக்குள் இன்னும் நுண்ணிய கோடுகள். சென்னையின் தாரா பதிப்பகம் 2006இல் வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ என்ற புத்தகம் இது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி மூவரும் வரைந்தது. கையால் செய்த தாளில், ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகத் திரை அச்சில் கையாலேயே ஏற்றியிருக்கிறார்கள். பக்கத்தைப் புரட்டினால் மை வாசம் வருகிறது. 2008இல் இத்தாலியின் பொலோனா குழந்தைப் புத்தகக் கண்காட்சி இதற்கு விருது கொடுத்தது. கொடுக்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

மரம் பகலெல்லாம் மனிதருக்கு நிழலும் உணவும் தந்து உழைக்கிறது, இரவில்தான் அதற்கு ஓய்வு, அப்போதுதான் அதன் மெய்யான உருவம் வெளிப்படும் என்பது கோண்டு மக்களின் நம்பிக்கை. மூன்று வயதுப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லும்போது என் மனம் மலேசியாவின் சிரம்பானில் இருக்கும் அடுக்குமாடி வீட்டை விட்டு, நான் வளர்ந்த ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்குப் போய்விடுகிறது. எங்கள் தோட்டத்து மரங்களுக்கு அந்த இரவு ஓய்வும் கிடையாது. வெயில் ஏறுவதற்கு முன், மரத்தின் உடம்பில் நீர் நிறைந்து இறுகியிருக்கும் நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டோடு பெரட்டு. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா தன் மர நிரைக்குள் இறங்குவார். விளக்கு வட்டத்துக்குள் ஒரே ஒரு மரம் தெரியும். அதைச் சுற்றி எல்லாம் கறுப்பு. உளியை ஓர் இழுப்பு இழுத்ததும் வெட்டின் மேல்நுனியிலிருந்து வெள்ளைக் கோடு ஒன்று சாய்வாக இறங்கி மங்குக் கிண்ணத்தில் சொட்டத் தொடங்கும். அதற்குள் வெளிச்சம் அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். பள்ளி விடுமுறையில் ஒட்டுப்பால் எடுக்கக் கூடவே போன நாள்களில் நான் பார்த்த காட்சி அது. கறுப்புத் தாளில் ஒற்றை மரத்தைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது கோண்டுக் காடு இல்லை, அம்மாவின் நிரைதான்.

பள்ளி வயதுக்கு முன், அம்மா நிரைக்குப் போகிற நேரத்தில் நாங்கள் ஆயாக் கொட்டகையில் இருப்போம். தூக்கம் கலையாமலே தூக்கிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போவார்கள். உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்களில் கைக்குழந்தைகள். கொஞ்சம் பெரியதுகள் பாயில். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் கைவசம் அட்டை போன சில அம்புலிமாமா இதழ்கள் இருந்தன. தோட்டத்துக் கணக்கர் கிராணி வீட்டில் படித்து முடித்துக் கொடுத்தவை. பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கினால் ஆயா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்து ஒன்றைப் பிரிப்பார். ஒரு குழந்தை மடியில், இரண்டு தோளில் தொற்றிக்கொண்டு, மற்றவர்கள் முட்டி மோதிக்கொண்டு.

ஒரு படம் மட்டும் அழியாமல் நிற்கிறது. வாளைப் பிடித்த அரசன், தோளில் கிடக்கும் பிணத்தோடு சுடுகாட்டைக் கடந்து நடக்கிறான். தமிழ் படித்த எல்லாருக்கும் அது விக்கிரமாதித்தனும் வேதாளமும். எங்கள் ஆயாவுக்கு இல்லை. “அண்ணங்காரன், கள்ளுக்கடையில விழுந்து கெடந்த தம்பியத் தூக்கிட்டு வூட்டுக்குப் போறான். கத்தி எதுக்குன்னா, வழியில பன்னி வரும்ல?” என்பார். பன்னி வந்ததா என்று நாங்கள் கேட்போம். ஒரு நாள் வந்தது, ஒரு நாள் வரவில்லை. ஒரு நாள் தம்பி தெளிந்து எழுந்து அண்ணனுக்குச் சோறு ஊட்டினான். படம் அப்படியே இருக்கும், கதை மட்டும் தினம் வேறாக வரும். எழுத்துத் தெரிந்த எந்த ஆசிரியரும் ஒரு பக்கத்தை அவ்வளவு நேரம் எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததில்லை. படப் புத்தகத்தை ஒரு குழந்தையோடு சேர்ந்து வாசிப்பது என்றால் என்ன என்று அந்தப் பாயில்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் படத்தை வரைந்தவர் சங்கர் என்று கையெழுத்திட்ட கே.சி. சிவசங்கரன். 1952இல் அம்புலிமாமாவில் சேர்ந்தவர், 2020இல் காலமானார். சித்ரா, எம்.டி.வி. ஆச்சார்யா என்று அந்த இதழின் ஓவியக் கூடத்தில் பெரிய கைகள் பல இருந்தன. 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் அந்த இதழைத் தொடங்கியவர்கள் நாகிரெட்டியும் சக்கரபாணியும். அதே நாகிரெட்டியும் சக்கரபாணியும்தான் 1965இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ திரைப்படத்தை எடுத்தவர்கள். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டி அந்தப் படம் காட்டிய இரவு, பாயைச் சுருட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போய் உட்கார்ந்தது எங்கள் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுவதும். சென்னையில் இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலை, கடல் தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பகலையும் இரவையும் இப்படி நிரப்பியிருக்கிறது. இதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஏழு வயதில் கொட்டகையிலிருந்து தோட்டப் பள்ளிக்கூடம். 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி முளைத்தவைதான் எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை. இன்றும் இங்கே 61 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. சில, தோட்டம் போன பிறகும் தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு வேறு ஊரில் நிற்கின்றன.

பேத்திக்காகப் புத்தகம் தேடத் தொடங்கியதிலிருந்து என் வாரக்கடைசிகள் மாறிவிட்டன. ஸ்ரீ கெம்பாங்கானில் நடந்த பிக் பேட் வுல்ஃப் மலிவு விற்பனையில் கூடை நிறைய அள்ளினேன். எரிக் கார்லின் பசித்த புழு, 1969இல் வந்த புத்தகம், இன்னும் புதிதாக இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஓட்டைக்குள் விரலை விட்டு அவள் சிரிக்கிற சிரிப்புக்கு விலை இல்லை. கோலாலம்பூர் போகிறவர்களிடம் பட்டியல் கொடுத்துவிட்டு, சென்னைத் தூலிகாவின் இருமொழிப் புத்தகங்களை வாங்கி வரச் சொல்கிறேன். அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த ‘கஜபதி குலபதி’யில் யானைக்குச் சளி பிடித்துத் தும்மல் வருகிறது, அவளும் கூடவே தும்மியாக வேண்டும். நம் நாட்டு ஓவியர் யூசுப் காஜாவின் யானைகள் வேறு ரகம், வண்ணப் பூவும் புள்ளியுமாக நிற்கும். வீட்டில் இப்போது யானைக்குப் பஞ்சமில்லை.

நாங்கள் வாரக்கணக்கில் ஒரே அம்புலிமாமாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இவளுக்கு அலமாரி நிறைய இருக்கிறது. பொறாமையாக இல்லை, சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் கறுப்புப் புத்தகத்தைப் பார்த்த நாளிலிருந்து அவள் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். பாட்டி மரக்காட்டில் பிறந்தவள் என்று என் மகள் சொல்லி வைத்திருக்கிறாள். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, “பாட்டியோட மரம் எங்க?” என்கிறாள்.

அந்த மரம் என் கைக்கு வந்த எந்தப் படப் புத்தகத்திலும் இல்லை. கூட்டிப்போய்க் காட்டலாம் என்றால் தோட்டமும் இல்லை. நாங்கள் இருந்த லயம் செம்பனைக்குள் போய்விட்டது. பழைய தோட்டங்கள் இருந்த செண்டாயான் பக்கம் போனால் மாடிவீட்டு வரிசைகளும் அகலச் சாலைகளும். எழுத்தில் இல்லாமல் இல்லை. அகிலன் இங்கே வந்து போன பிறகு ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார், நம்மவர்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவையெல்லாம் பெரியவர்களுக்கு. மூன்று வயதுக் குழந்தைக்கு வேண்டியது படம்.

நம் நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் லாட் 1979இல் ‘தி கம்போங் பாய்’ வரைந்தார். பேராக்கின் மலாய்க் கிராமமான கம்பத்தில் கழிந்த அவருடைய பிள்ளைப் பருவம் முழுவதும் அதில் இருக்கிறது: வீடு, ஆறு, ஈயம் தோண்டும் கப்பல். அந்தக் கம்பத்தை ஒருமுறையும் மிதிக்காத நானே அதற்குள் நடமாடியிருக்கிறேன். என் பேத்தியும் நாளை நடமாடுவாள். தோட்டத்துக்கு அப்படி ஒரு லாட் வாய்க்கவில்லையே என்பதுதான் என் தீராத ஆதங்கம். ஏழைக் கதை என்று நினைத்து விட்டுவிட்டார்களோ என்னவோ. மாசி மாதத்தில் காடு முழுக்க இலை சிவந்து உதிர்வதைப் பார்த்தவர்கள் அதை வறுமை என்று சொல்ல மாட்டார்கள். உச்சி வெயிலில் காய் படீரென்று வெடித்து, கொட்டை தூரத்தில் போய் விழும். புள்ளி போட்ட அந்தக் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்துவிட்டு ஓடுவோம். ஒரு குழந்தைப் புத்தகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதனால் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். என்றாவது வரைகிற கை ஒன்று கிடைத்தால் கொடுப்பதற்கு. வெட்டுப் பட்டை மேலே இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்க வேண்டும், மாற்றிப் போட்டுவிடக்கூடாது. மங்கு தரையில் இல்லை, கம்பியில் மாட்டி மரத்தோடு இருக்கும். பெண்கள் கைலிக்கு மேல் ஆம்பளைச் சட்டையை முழுக்கையாகப் போட்டு, தலையில் துண்டைக் கட்டி, அதன் மேல்தான் விளக்கு. தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் வாளி தொங்கும்போது நடை கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டம் படத்தில் வர வேண்டும். கொட்டகைத் தொட்டில்களில் ஒவ்வொன்றும் அந்தந்த அம்மாவின் பழைய சேலை, ஆகவே ஒன்றுபோல் ஒன்று இருக்கக்கூடாது.

கொட்டகைச் சுவரின் நிறத்தில் மட்டும் சிக்கல். எனக்கு நீலம். தொலைபேசியில் அக்காவிடம் கேட்டால் பச்சை என்று சாதிக்கிறாள். பகாவில் இருக்கும் பெரியம்மா மகன் வெறும் சுண்ணாம்பு வெள்ளை என்கிறான். ஒருவரிடமும் ஒரு புகைப்படம் இல்லை. தீபாவளிக்கு மூவரும் இங்கே கூடுகிறோம். அதற்குள் பழைய கிராணி குடும்பத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டு வைக்க அவர்கள் இருவரிடமும் சொல்லியிருக்கிறேன்.