சாமானும் அஸ்திவாரமும்
பத்து வருஷம் லினக்ஸில் குடியிருந்துவிட்டு ஃப்ரீபிஎஸ்டி 14-க்கு மாறினேன். பழக்க தோஷம், மென்பொருள் இறக்க 'ஆப்ட்' என்று தட்டினேன். அப்படி ஒரு கட்டளையே இல்லையாம். இங்கே 'பிகேஜி'.

மாறக் காரணம் என் அவசரம்தான். பழைய இடத்தில் பைதானை நீக்கப் போனேன். கேட்ட கேள்வியைப் படிக்காமலே 'ஒய்' என்றேன். அதை நம்பியிருந்த டெஸ்க்டாப் முழுவதும் போயிற்று. நாவல் மூன்று நாள் நின்றது.

இங்கே அஸ்திவாரம் வேறு, நாம் ஏற்றும் சாமான் வேறு. சாமானெல்லாம் 'யூஎஸ்ஆர் லோக்கல்' என்ற அறைக்குள் அடக்கம். நான் சந்தேகப் பிராணி. ஒருநாள் அத்தனையையும் நீக்கிப் பார்த்தேன். கறுப்புத் திரைதான் மிஞ்சியது. ஆனாலும் இயந்திரம் எழுந்தது, 'விஐ' திறந்தது. என் தமிழ் அங்கே எழுத்தாகத் தெரியவில்லை. கோப்பின் அளவு மட்டும் ஒரு பைட்கூடக் குறையவில்லை.